ரோஸ்மில்க் வஞ்சிரம்

மீனு இனிக்குதுன்னு மொதல் போன் வந்தப்போ கார்குழலி சிரிச்சிட்டா. எவனோ வேலைவெட்டி இல்லாதவன் காலங்காத்தால கலாய்க்கிறான்னு நெனச்சு, "இனிச்சா நல்லதுதானே சார்"னு சொல்லி வெச்சிட்டா. மூணாவது போன்ல சிரிப்பு பாதியா கொறஞ்சுது. ஏழாவது போன் வந்தப்போ எதிர்ல இருந்த டீ ஆடை கட்டிப் போயிருந்துச்சு.

திருவொற்றியூர் கப்பக்காரி மசாலா கம்பெனியில அவளுக்கு வேலை போன் எடுக்கறது. பாக்கெட்டுல ஒரு பொம்பள இடுப்புல கைய வெச்சுகிட்டு கப்பல் மேல நிக்கிற படம் இருக்கும். அதுக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பர் வந்து சேர்ற எடம் கார்குழலியோட மேஜை. கதவுல 'வாடிக்கையாளர் சேவைப் பிரிவு'ன்னு பெருசா போர்டு மாட்டியிருக்காங்க. பிரிவுன்னா இருபது பேரு உக்காந்திருப்பாங்கன்னு நெனச்சிடாதீங்க. அவ ஒருத்திதான் பிரிவு.

இந்த வேலை அவளுக்கு லேசுல கெடைக்கல. ஒம்பது வருஷம் கிண்டி பக்கம் ஒரு கால் சென்டர்ல குப்ப கொட்டுனவ. விடியறதுக்கு முன்னாடி ரயில் புடிச்சுப் போயி, இருட்டுனப்புறம் ரயில் புடிச்சு வருவா. இங்க சேர்ந்து ஏழு மாசம்தான் ஆச்சு. வூட்டுலருந்து நடந்தா பத்து நிமிஷம். மத்தியானம் போயி சூடா சோறு சாப்புட்டு வரலாம். கல்யாணம் ஆகி இத்தினி வருஷத்துல புருஷன் மூஞ்சிய பகல் வெளிச்சத்துல பாக்கறதே இப்பதான்னு அவளே சொல்லிச் சிரிப்பா. அப்பேர்ப்பட்ட வேலை.

அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நாப்பத்தோரு போன். எல்லாத்துலயும் ஒரே சங்கதி. கப்பக்காரி மீன் வறுவல் மசாலா தடவுனா மீனு இனிக்குது, தோசைக்கல்லுல பாகு காச்சுன மாதிரி ஒட்டிக்குது, ரோஸ் கலர்ல இருக்குது. அந்த ரூமுக்குள்ளயே அடங்கியிருக்க வேண்டிய விஷயத்த ஊரறிய அவுத்து விட்டது அடைக்கலமேரி.

அடைக்கலமேரி காசிமேட்டுல காலையில மீனு விக்கிறவ, சாயங்காலம் அங்கயே அடுப்பு போட்டு மீனு வறுத்து விக்கிறவ. வயசு அம்பது இருக்கும். அன்னிக்கு நாப்பது துண்டு வஞ்சிரத்துக்கு மசாலா தடவி கல்லுல போட்டிருக்கா. அத்தினியும் பாழ். வேற யாராவது இருந்தா தலையில கைய வெச்சுகிட்டு குந்தியிருப்பாங்க. இவ போனை எடுத்து நிறுத்தி வெச்சு, ஒரு துண்ட கரண்டியில தூக்கிக் காட்டுனா.

"பாத்துக்கோ நைனா. இது வஞ்சிரம். கடல்ல கீற வரைக்கும் மீனாத்தான் இருந்துச்சு. கப்பக்காரி மசாலா தடவுனேன், இப்ப கல்யாண பந்தியில எலை ஓரமா வெக்கலாம் போல கீது." ஒரு கடி கடிச்சா. மூஞ்சிய அஷ்டகோணலாக்கி முழுங்குனா. பாக்கெட்டுல இருந்த படத்த மூஞ்சிக்கு நேரா புடிச்சு, "யம்மா கப்பக்காரி, மெய்யாலுமே கேக்கறேன், இன்னாமா ஆச்சு உனுக்கு?"ன்னு கேட்டா.

அவ்வளவுதான் வீடியோ. மறுநாள் காலையில எழுந்து பாத்தா ஆறு லட்சம் பேரு பாத்திருக்காங்க.

மொதலாளி அருள்பிரகாசம் கெட்ட மனுஷன் இல்ல, அத மொதல்லயே சொல்லிடணும். ராயபுரத்துல ஒரே ஒரு அரவை மெஷினை வெச்சு ஆரம்பிச்சு, இன்னிக்கு எழுவது பேருக்கு சோறு போடறவர். ஆனா கம்பெனி பேரத் தொட்டா மனுஷனுக்கு மண்டைக்குள்ள மொளகா அரைய ஆரம்பிச்சிடும். உடனே நுங்கம்பாக்கத்துலருந்து ஜெரின்னு ஒரு ஆள வரவழைச்சார். கம்பெனிங்களோட பேரு கெட்டுப்போனா அதத் தொடச்சுக் குடுக்கறதுதான் ஜெரியோட தொழில். வெள்ள ஷூ, வெள்ள சட்டை. மசாலா கம்பெனிக்கு வெள்ள ஷூ போட்டுகிட்டு வர்றப்பவே கார்குழலிக்கு லேசா சந்தேகம்.

ஜெரி உக்காந்து ஒரு அறிக்கை எழுதுனான். 'எமது தயாரிப்புகள் அனைத்தும் உயரிய தரக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. நிலைமை கட்டுக்குள் உள்ளது. சமைக்கும் முறையில் ஏற்பட்ட மாறுபாடே சுவை வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கலாம்.'

காசிமேட்டு மீன்காரிய பாத்து உனக்கு மீனு வறுக்கத் தெரியலன்னு எழுதறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும் பாருங்க. அது கூட பரவாயில்ல. எண்ணூருக்கும் மணலிக்கும் நடுவுல, ஆலைப் புகையில பொறந்து வளந்த ஜனங்க கிட்ட 'நிலைமை கட்டுக்குள் உள்ளது'ன்னு சொல்லலாமா? இந்தப் பக்கத்துல அந்த வார்த்தையக் கேட்டா, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து ஜன்னல சாத்துவாங்க. அது வரைக்கும் சிரிச்சுகிட்டு இருந்தவங்க, அறிக்கையப் படிச்சுட்டு பயந்துட்டாங்க. பவுடர்ல எந்த கெமிக்கல் கலந்துச்சோன்னு பேச்சு கெளம்பிடுச்சு.

அதுக்கு மேல ஒரு வக்கீல் நோட்டீஸ். அடைக்கலமேரி அந்த வீடியோவை இருபத்துநாலு மணி நேரத்துல எடுக்கலன்னா மானநஷ்ட வழக்குன்னு. அவ என்ன பண்ணா தெரியுமா? நோட்டீஸ நூறு ஜெராக்ஸ் போட்டா. அன்னிக்கு சாயங்காலம் வறுத்த மீன எல்லாம் அதுல மடிச்சுக் குடுத்தா. "வாசிக்கறவங்க வாசிங்க, மத்தவங்க எண்ணெய ஒத்தி எடுங்க"ன்னு அதுக்கும் ஒரு வீடியோ. இது ஒம்பது லட்சம்.

கார்குழலி கைக்கு ஒரு சீட்டு வந்துச்சு. போன்ல இத மட்டும்தான் சொல்லணும், கூட ஒரு வார்த்தை பேசக்கூடாது. 'தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. ஆய்வு நடைபெற்று வருகிறது.' அதக் கிளிப்புள்ள மாதிரி சொல்லிச் சொல்லி, புதன்கெழமை மத்தியானம் வூட்டுக்குப் போனவ புருஷன் சாம்பார் கேட்டதுக்கும் அதையே சொல்லிட்டா.

கம்பெனிக்குள்ள அதுக்குள்ள விஷயம் தெரிஞ்சுபோச்சு. மசாலாவோட ரோஸ்மில்க் பவுடரும் போடற கம்பெனி அது. குடோன்ல ரோஸ்மில்க் டிரம்மு ஒன்னு கொறையுது. மீன் மசாலா டிரம்மு ஒன்னு மிச்சமா நிக்குது. ரெண்டுக்கும் முடிச்சு போடறதுக்கு ஐஏஎஸ் படிக்க வேணாம். ஆனா லேப் ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆவும், அது வரைக்கும் ரோஸ்மில்க்குன்னு யாரும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு ஜெரி கண்டிஷனா சொல்லிட்டான்.

அன்னிக்கு மூணு மணிக்கு மணலி புதுநகர்லருந்து ரூஹின்னு ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. குரல் நடுங்குது.

"அக்கா, எம் பையனுக்கு நாலு வயசு. நேத்து ராத்திரி ரெண்டு துண்டு துன்னுட்டான். இப்ப டிவில கெமிக்கல்னு சொல்றாங்கோ. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவட்டா? எதாவது சொல்லு அக்கா."

"தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும்..."ன்னு ஆரம்பிச்ச கார்குழலி பாதியில நிறுத்திட்டா. ஒரு தாய் அழறா, இவ சீட்டப் பாத்து வாசிக்கறா. அவளுக்கு அவ மேலயே அருவருப்பா இருந்துச்சு. சீட்ட கசக்கி டீ கிளாசுக்குள்ள போட்டா.

"இந்தா பாரும்மா, அது ரோஸ்மில்க் பவுடரு. மசாலாவுக்கு பதிலா மாறி அடைச்சுட்டாங்க. நாங்க கடையில விக்கிற ரோஸ்மில்க்கேதான். புள்ளைக்கு ஒன்னும் ஆவாது. துன்னுட்டு இன்னா பண்றான் இப்ப?"

"ஆடிகினு கீறான். இன்னொரு துண்டு கேக்கறான்." ரூஹி அழுதுகிட்டே சிரிச்சா. "மீன கண்ணால பாக்கமாட்டான்கா. ஜென்மத்துல மொத வாட்டி கேட்டு வாங்கித் துன்னான், அதான் எனக்கு பயமே."

போன வெச்சப்புறம் கார்குழலி தன்னோட நோட்ட பிரிச்சா. கால் சென்டர்ல இருந்தப்பவே பழக்கம், யாரு பேசுனாலும் என்ன கேட்டாங்கன்னு ஒரு வரி எழுதி வெச்சுடுவா. மூணு நாள்ல எரநூத்தி பதிமூணு போன். ஒன்னு ஒன்னா படிச்சா. நஷ்டஈடு கேட்டவங்க ஒருத்தரும் இல்ல. திட்டுனவங்க நெறைய. ஆனா திட்டி முடிச்சுட்டு எல்லாரும் கேட்டது ஒன்னுதான். இன்னா ஆச்சு? எப்டி ஆச்சு? ஜெரி எழுதுன அறிக்கையில, நோட்டீஸ்ல, சீட்டுல எல்லாம் இருந்துச்சு. அந்த ஒரு கேள்விக்கு பதில் மட்டும் இல்ல.

வியாழக்கெழமை அந்த பதிலையும் ஜெரி தயாரிச்சுட்டான். அதுக்குப் பேரு வரதன்.

வரதன் மசாலாவ மெஷின்ல கொட்டறவர். வியாசர்பாடிக்காரர். பத்தொம்பது வருஷமா அதே வேலை. அந்த ரூமுல மொளகா நெடி ஆள அடிச்சுப் போட்டுடும், அதனால மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்குத் தொப்பி. கொட்டுனது கீழ இறங்கி, மூடுன மெஷினுக்குள்ளயே பாக்கெட்டா மாறிடும். தொட்டுப் பாக்க, மோந்து பாக்க வழியே இல்ல. டிரம்மு மூடியில இருக்கற அடையாளத்த பாத்துதான் கொட்டணும். மொதலாளி கூப்புட்டு விசாரிச்சப்போ வரதன் சொன்னது ரெண்டே வார்த்தை. "நான்தான் கொட்டுனேன்." ஏன், எப்படின்னு மாத்தி மாத்திக் கேட்டாங்க. மனுஷன் வாயத் தொறக்கல. வாயத் தொறக்காததே போதும்னு ஜெரி எழுதிட்டான். 'அதிருப்தியடைந்த ஊழியர் ஒருவரின் உள்நோக்கம் கொண்ட செயல்.' வெள்ளிக்கெழமை பதினோரு மணிக்கு ஓட்டல்ல பத்திரிகைக்காரங்கள கூப்புட்டு வரதன் பேரச் சொல்றதா ஏற்பாடு.

கார்குழலிக்கு நெஞ்சு ஆறல. உள்நோக்கம் வெச்சுகிட்டு வேலை செய்யற மூஞ்சியா அது? சாயங்காலம் வேலை முடிஞ்சதும் நேரா குடோனுக்குப் போனா. எப்படி நடந்துச்சுன்னு கண்டுபுடிச்சா மனுஷன காப்பாத்தலாம்னு கணக்கு.

செவப்பு பவுடர் கம்பெனியில ரெண்டே ரெண்டு. மீன் மசாலா டிரம்மு மூடியில பெயின்ட்ல ஒரு செவப்புப் பொட்டு இருக்கும். ரோஸ்மில்க் டிரம்மு மூடியில ஒன்னும் இருக்காது. முப்பது வருஷமா இதான் ஏற்பாடு. ரோஸ்மில்க் டிரம்முங்க இருக்கற மூலைக்குப் போனா. செவுத்தோட ஒட்டி ஒரு டிரம்மு. அதோட மூடியில நட்ட நடுவுல, வட்டமா, அழகா, ஒரு செவப்புப் பொட்டு.

வெரலால தேச்சா. பொட்டு வெரலோட வந்துடுச்சு.

குங்குமம்.

ஆயுத பூஜை அன்னிக்கு மெஷினு, தராசு, லாரி, டிரம்மு, கதவு, சேவைப் பிரிவு போன் வரைக்கும் பொட்டு வெச்சது யாரு? கார்குழலி. அவ கை பட்டா பொட்டு அச்சு வார்த்த மாதிரி இருக்கும்னு பேக்கிங் பொண்ணுங்க எல்லாம் சேர்ந்து குங்குமக் கிண்ணத்த அவ கையில குடுத்துட்டாங்க. இவளும் புது எடம், நல்ல பேரு எடுக்கணும்னு ஒரு டிரம்மு விடாம வெச்சா. மொதல்ல சந்தனம் வெக்கணும், கிண்ணத்துல சந்தனம் தீந்துபோச்சு, சரி குங்குமம் மட்டும் போதும்னு விட்டுட்டா. புத்தருக்கு மட்டும் கும்பிடு போடற வரதன் கூட, பொரிக்கும் சுண்டலுக்கும் வந்து நின்னவர், "ஸோக்கா வெக்கற குழலி"ன்னு சொல்லிட்டுப் போனார். லீவு முடிஞ்சு வந்த மொத நாளு, செவப்புப் பொட்டு இருந்த டிரம்ம உருட்டிகிட்டுப் போயி மெஷின்ல கொட்டியிருக்கார். ருசி பாத்து அனுப்பற அம்மாவும் ஊருக்குப் போயிருந்தாங்க. நாலாயிரம் பாக்கெட்டு.

கார்குழலி அந்த டிரம்மு பக்கத்துலயே கொஞ்ச நேரம் குந்திட்டா. மத்தியானம் வூட்டுச் சோறு, பத்து நிமிஷ நடை, எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. மூடிய தொடச்சுட்டு கம்முனு போயிடலாம். யாருக்கும் தெரியப்போறதில்ல. பொய் சொல்வானேன், அவளும் அப்படி நெனச்சுப் பாத்தா. நல்லாவே நெனச்சுப் பாத்தா. அப்புறம் எழுந்து மொதலாளி ரூமுக்குப் போனா.

அருள்பிரகாசம் எல்லாத்தையும் கேட்டார். கோவப்படல. அதான் அவளுக்கு இன்னும் பயமா இருந்துச்சு.

"குழலி, நான் ராயபுரம் சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்தறவன். நான் போயி மைக்க புடிச்சு, ஆயுத பூஜை குங்குமத்தாலதான் தப்பு நடந்துச்சுன்னு சொன்னா இன்னா ஆவும்? மீனு பிரச்சன சாமி பிரச்சன ஆயிடும். வோணாம்மா. வூட்டுக்குப் போ."

"அப்ப வரதண்ணன்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிகிட்டார். பேசி முடிச்சாச்சுன்னு அர்த்தம்.

மறுநாள் விடிய, அஞ்சரை மணிக்கு, கார்குழலி ஆட்டோவுல காசிமேட்டுல இறங்குனா. கக்கத்துல குடோன்லருந்து எடுத்துகிட்டு வந்த ரெண்டு டிரம்மு மூடி. ஏலச் சத்தம், ஐஸ் ஒடைக்கற சத்தம், காலுக்குக் கீழ தண்ணி. அடைக்கலமேரி பெரிய அன்னக்கூடை முன்னாடி குந்தியிருந்தா.

"கப்பக்காரி கம்பெனியிலருந்து வரேங்க."

"நோட்டீஸா? குடு. ஜெராக்ஸ் தீந்துபோச்சு."

"இல்லக்கா. நான் போன் எடுக்கறவ."

"ஓ. முக்கியமானது, முக்கியமானதுன்னு சொல்றவ நீதானா? நானும் நாலு வாட்டி போன் பண்ணேன்மா. எவ்ளோ முக்கியமோ, வெச்சுட்ட." பக்கத்துல இருந்த பொம்பளைங்க சிரிச்சாங்க. கார்குழலிக்கு மூஞ்சி எரிஞ்சுது. அந்த நேரம் பாத்து ஒரு ஆளு வந்து ஒரு பாறை மீன எடுத்து, "ஃப்ரெஷ்ஷா?"ன்னு கேட்டார். அடைக்கலமேரி வாயால பதிலே சொல்லல. கட்ட வெரல குடுத்து செவுள தூக்கிக் காட்டுனா. உள்ள ரத்தச் செவப்பு. அவர் பேசாம பைய நீட்டுனார்.

"பாத்தியாமா? நான் இது நேத்து மீனு இல்ல, உயர்ந்த ரக மீனுன்னு பேசிகினு இருந்தா இவுரு வாங்குவாரா? இங்க வாயிக்கு வேலை இல்ல. செவுளத் தூக்கு. நல்லா இருந்தா வாங்குவான், கெட்டுப் போயிருந்தா காறித் துப்பிட்டு நாளைக்கு வருவான். மூடி வெச்சாதான் எந்நாளும் வரமாட்டான். உங்க கம்பெனி மூணு நாளா மூடிகினு கீது."

கார்குழலி ரெண்டு மூடியையும் அந்த ஈரத் தரையில வெச்சா. ரெண்டுலயும் நடுவுல செவப்புப் பொட்டு. "இது பெயின்ட்டு, மீன் மசாலா"ன்னு சொல்லி ஒன்ன தேச்சா. போகல. இன்னொன்ன தேச்சா. வெரல தூக்கிக் காட்டுனா.

அடைக்கலமேரி அந்த வெரலப் பாத்தா, மூடியப் பாத்தா, இவ மூஞ்சியப் பாத்தா. "பூஜையா?"

"ஆமாக்கா."

"வெச்சது யாரு?"

"நான்தான்."

அடைக்கலமேரிக்கு மொதல்ல தோள்தான் குலுங்குச்சு. அப்புறம் வயித்தப் புடிச்சுகிட்டு, அன்னக்கூடையில சாஞ்சுகிட்டு, கண்ணுல தண்ணி வர வர சிரிச்சா. "அடிப்பாவி, நீ டிரம்முக்கு வெச்ச பொட்டுல எம் மீனு பாயசமாயிடுச்சே. அடியே அல்லாரும் இங்க வாங்க." சுத்தி இருவது பொம்பளைங்க. மூடிய கை மாத்தி கை மாத்தி வாங்கித் தேச்சுப் பாத்தாங்க. ஒருத்தி, "போன வருசம் எம் புருஷன் படகுக்குப் பொட்டு வெக்கறேன்னு நம்பர் மேலயே அப்பிட்டான், ஆபீசருங்க புடிச்சு நிறுத்திட்டாங்க"ன்னு ஆரம்பிக்க, மார்க்கெட்டே சிரிச்சுது.

அடைக்கலமேரி போன எடுத்தா. "சொல்றியா? சொன்னா உன் வேலை போயிடும்."

"போவட்டும்கா. பதினோரு மணிக்கு ஒரு நல்ல மனுஷன் பேரு போவப்போவுது. அதுக்கு இது தேவல."

கால் சென்டர்ல ஒம்பது வருஷம் அடுத்தவங்க எழுதிக் குடுத்ததையே பேசுனவளுக்கு, கையில சீட்டு இல்லாம பேசறது ஒரு மாதிரி சந்தோஷமா இருந்துச்சு. அவளே எதிர்பாக்கல.

"என் பேரு கார்குழலி. கப்பக்காரியில போன் எடுக்கறேன். மீன் மசாலா பாக்கெட்டுல வந்தது ரோஸ்மில்க் பவுடரு. விஷம் இல்ல, கெமிக்கல் இல்ல. ஆயுத பூஜைக்கு நான் டிரம்முக்கெல்லாம் பொட்டு வெச்சேன். பொட்டு வெச்சது தப்பில்ல, அடையாளம் இருக்கற எடம்னு பாக்காம வெச்சதுதான் தப்பு. வேணும்னு யாரும் செய்யல, வரதண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. பாக்கெட்டு பின்னாடி பதினேழாம் நம்பர்னு போட்டிருந்தா மீனுக்குத் தடவாதீங்க, பால்ல கலக்கிக் குடிங்க. நாலு நாளா உங்க கிட்ட நேரா பதில் சொல்லாம இருந்துட்டோம். அதுக்கு என்ன மன்னிச்சிடுங்க." ரெண்டு மூடியையும் கேமராவுக்கு நேரா தேச்சுக் காட்டுனா.

எட்டரை மணிக்கு அருள்பிரகாசத்தோட கார் வந்து நின்னுச்சு. கூடவே ஜெரி. வெள்ள ஷூவோட ஏலக்கூடத்துக்குள்ள கால வெச்சவன், மூணாவது அடியில வெள்ளயா இல்ல.

மொதலாளி கையில போன். மூஞ்சி செவந்திருந்துச்சு. கார்குழலி எழுந்து நின்னா. கூட்டம் வழி விட்டுது. அவர் என்ன சொல்ல வந்தாரோ, அதுக்குள்ள அடைக்கலமேரி அடுப்புல கல்லப் போட்டுட்டா. பதினேழாம் நம்பர் பாக்கெட்டு ஒன்ன பிரிச்சு, ரெண்டு துண்டு வஞ்சிரத்துல தடவி, கல்லுல விட்டா. ரோஸ் வாசனையும் மீன் வாசனையும் கலந்து வந்துச்சு பாருங்க, அத எழுத்துல சொல்ல முடியாது.

"வா நைனா, குந்து. நாப்பது துண்டு எனக்குப் போச்சு. ரெண்டு துண்டு நீ துன்னுட்டு அப்பால பேசு."

ஜெரி காதுல கிசுகிசுத்தான். "சார், சாப்பிடாதீங்க சார். கேமரா இருக்கு."

அருள்பிரகாசம் ஜெரியப் பாத்தார், சுத்தி நிக்கற பொம்பளைங்களப் பாத்தார். தன் சரக்க வாங்கி வாங்கி தன்னை ஆளாக்குன மூஞ்சிங்க. பேண்ட்ட மடிச்சு விட்டுகிட்டு ஸ்டூல்ல குந்துனார். ஒரு துண்ட எடுத்து வாயில போட்டார். மென்னார். மெல்ல மெல்ல மனுஷன் மூஞ்சி மாறிச்சு, கோவம் கரைஞ்சு எங்க போச்சுன்னு தெரியல.

"கலீஜா கீதுமா"ன்னார். அப்புறம் ரெண்டாவது துண்டையும் எடுத்தார். தட்டு காலி ஆவற வரைக்கும் எழுந்திருக்கல.

அந்த வெத்துத் தட்டுக்கு வந்த கைதட்டல், அவர் முப்பது வருஷமா குடுத்த வெளம்பரத்துக்கெல்லாம் வரல. அவரே அடைக்கலமேரி கையில இருந்த நோட்டீஸ் ஜெராக்ஸ வாங்கி கைய தொடச்சார். "என்ன மன்னிச்சுக்கமா. உனக்கு மீனு வறுக்கத் தெரியலன்னு எழுதுனது எங்க வாய்க்கொழுப்பு"ன்னார். ஓட்டலுக்கு வர இருந்த பத்திரிகைக்காரங்க எல்லாரும் காசிமேட்டுக்கே வந்துட்டாங்க. ஆயிரம் கேள்வி கேட்டாங்க. அவர் ஒரு பேரையும் சொல்லல, மூடிய மட்டும் தேச்சுத் தேச்சுக் காட்டுனார். ஜெரி ஒரு ஓரமா நின்னு, கார்குழலி கிட்ட மெதுவா கேட்டான். "அந்தப் பேச்ச யாரு எழுதிக் குடுத்தா உங்களுக்கு?" மெய்யாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டான், பாவம்.

மொதலாளி கெளம்பறப்போ அவ கிட்ட வந்து நின்னார்.

"மணி பதினொன்னு ஆயிடுச்சு. போன் அடிச்சுகினு கெடக்கும், எடுக்க ஆளு இல்ல. கார்ல ஏறு"ன்னார்.

அவ ஏறுறதுக்குள்ள, கூட்டத்த தள்ளிகிட்டு வரதன் வந்துட்டார். வியாசர்பாடியிலருந்து பஸ்ஸுக்குக் கூட நிக்காம யாரு பைக்கிலயோ தொத்திகிட்டு வந்திருக்கார். நன்றி சொல்ல வர்றார்னுதான் அவ நெனச்சா. மனுஷன் கடுங்கோவத்துல இருந்தார்.

"உனுக்கு அறிவு கீதா? நாலு நாளா நான் வாயக் கட்டிகினு இருந்தது அத்தினியும் வேஸ்ட்டாக்கிட்டியே குழலி."

"இன்னாண்ணே சொல்ற?"

"பொட்டுனு எனுக்கு செவ்வாக்கெழமையே தெரியும். மூணு மூடிய நானே தொடச்சு வெச்சேன். செவுத்தாண்ட கீற ஒன்ன வுட்டுட்டேன் போல."

அவளுக்கு அப்பதான் புரிஞ்சுது. விசாரணையில அந்த மனுஷன் வாயத் தொறக்காம நின்னது, உள்நோக்கம்னு எழுதுனப்பவும் தலைய குனிஞ்சுகிட்டு நின்னது.

"ஏண்ணே? உன் பேரு நாறியிருக்குமே."

"நான் பத்தொம்போது வருசம் இங்க கீறவன். என்ன தூக்குனா பேக்கிங் பொண்ணுங்க மொத்தமும் வாசல்ல வந்து குந்தும். நீ ஏழு மாசம். உன்ன தூக்குனா யாரும்மா கேப்பா?" வரதன் கோவமாவே சொன்னார். "மத்தியானம் வூட்டுக்கு சாப்பாட்டுக்குப் போறப்போ தெனம் பாட்டு பாடிகினு போவ. அத வேற கெடுக்கணுமா?"

நாலு நாளா சொட்டுக் கண்ணீர் விடாத கார்குழலி, அத்தினி பேரு நடுவுல ஓன்னு அழுதா. அழுதுகிட்டே சிரிச்சா. வரதனுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. அவ தலைய தட்டிக் குடுக்கலாமா வேணாமான்னு கைய தூக்கி, அப்படியே தன் தலைய சொறிஞ்சுகிட்டார். அடைக்கலமேரி கல்லுலருந்து, நல்ல மசாலா போட்ட, நல்ல காரமான துண்டு ரெண்ட எடுத்து ரெண்டு பேரு கையிலயும் வெச்சா.

"அழுவறத அப்பால வெச்சுக்கோங்க. மீனு ஆறுது."